ஊருக்குள் வானொலி டவர் வரலாமா?

காற்றுவழி:
உள்ளூர் வானொலி வேண்டுமா என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். டவர் எங்கே நிற்கும் என்று கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். சமுதாய வானொலி, அதாவது ஊர் மக்களே தங்களுக்காக நடத்தும் சிறிய எஃப்.எம். நிலையம், தொடங்க நினைக்கிற குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் முட்டி நிற்கின்றன. நிகழ்ச்சி செய்ய ஆள் இருப்பார்கள், உரிமத்துக்கும் வழி தெரிந்திருக்கும், டவருக்கு மட்டும் இடம் அமையாது.

அதைப் பேசத்தான் இந்த இழை. கதிர்வீச்சு, இடி, சாய்ந்துவிடுமோ என்ற பயம், பறவைகள், பார்வைக்கு அழகில்லை என்ற குறை, எதுவானாலும் எழுதுங்கள். நிலையம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதே சமயம், பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் பேசாமல் எழுப்பிய டவர் கடைசிவரை அந்த நிலையத்துக்குப் பகையாகவே நிற்கும் என்றும் நம்புகிறேன்.

தெற்குவாசல்:
அப்படியானால் முதல் எதிர்ப்பு என்னுடையது. வானொலி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு டவருக்குப் பக்கத்து வீட்டில் பல வருடம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எழுப்புகிற வரைக்கும் வீடு தேடி வந்து பேசினார்கள். நட்டு முடித்த பிறகு ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும், புகை நேராக எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வரும். உச்சியில் இருந்த சிவப்பு விளக்கு ஒருநாள் அணைந்தது, அப்படியே கிடந்தது. வேலியில் தொங்கிய பலகையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அழைத்தால் 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்றது. விளக்கில்லாத டவரை யாரிடம் போய்ச் சொல்வது?

கதிர்வீச்சு விஷயமும் சும்மா ஒதுக்குகிற விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2011-இல் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. இதற்குப் பதில் சொல்லாமல் 'பயப்படாதீர்கள்' என்றால் யார் கேட்பார்கள்?

அலைநீளம்:
நியாயமான கேள்வி. ஒலிபரப்புத் துறையில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் வைத்தது உண்மைதான். அந்தப் பிரிவுக்கு அடிப்படையாக இருந்தது பெரும்பாலும் கைபேசியைத் தலையோடு ஒட்டி வைத்து நெடுநேரம் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள். அதிலும் கிடைத்த ஆதாரம் 'குறைவானது' என்றுதான் முகமையே குறித்தது. 2பி என்றால் சந்தேகத்தை முழுசாகத் தள்ளிவிட முடியவில்லை என்று பொருள். எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பட்டியல் அளப்பதில்லை.

அடுத்து, எஃப்.எம். அலை என்ன செய்யும், என்ன செய்யாது என்று பார்ப்போம். எஃப்.எம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானில், அதாவது அந்த அலையின் மிகச் சிறிய ஆற்றல் துணுக்கில், இருப்பது அதில் இரண்டு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. எக்ஸ்ரே செய்கிற சேதத்தை இந்த அலையால் செய்ய முடியாததற்கு இதுதான் காரணம். இதனால் உடலில் ஏற்படுவதாக உறுதியாகத் தெரிந்த விளைவு சூடு. பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு, சூட்டால் பாதிப்பு தொடங்கும் அளவிலிருந்து 50 மடங்கு கீழே வைக்கப்பட்டிருக்கிறது. எஃப்.எம். அலைவரிசையில் அது சதுர மீட்டருக்கு 2 வாட்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தியாவில் சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கும் உச்ச வீச்சு 100 வாட். ஆன்டெனா அலையைச் சில திசைகளில் குவித்து அனுப்புவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நேர் எதிரே 50 மீட்டரில் விழுவது சதுர மீட்டருக்குச் சுமார் 0.005 வாட். தரையில் பட்டுத் திரும்புவதையும் கூட்டி, மோசமான நிலையை எடுத்தாலும் 0.02. வரம்பில் நூறில் ஒரு பங்கு. அதுவும் ஆன்டெனாவின் மட்டத்திலேயே நின்றால்தான். ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது கீழே நடப்பவருக்கு இதைவிடக் குறைவு.

ஆனால் இந்தக் கணக்கை 10,000 வாட் வணிக நிலையத்துக்குத் தூக்கிப் பொருத்தக் கூடாது. அது வேறு ரகம், அங்கே வேலியும் தூரமும் கட்டாயம். எந்த டவரானாலும் சரி, ஆன்டெனா அருகே ஏறுகிறவர், அலையை உண்டாக்கும் கருவியான டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கதிர்வீச்சால் நிஜமாகவே ஆபத்து நெருங்குவது அந்தத் தொழிலாளிக்குத்தான். கூட்டங்களில் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

புதுவாசகி:
ஒரு சந்தேகம். 100 வாட் என்றால் பழைய குண்டு பல்ப் ஒன்றின் சக்திதானே? அதற்கு எதற்கு அவ்வளவு உயரம்? மாடியில் ஒரு கம்பி நட்டால் போதாதா? இல்லை, இன்டர்நெட்டிலேயே ஒலிபரப்பிவிட்டால் சண்டையே இல்லையே?

அலைநீளம்:
சக்தி குறைவு என்பதால்தான் உயரம் வேண்டும். எஃப்.எம். அலை ஏறக்குறைய பார்வைக் கோட்டில் போகும். நடுவில் கட்டடமோ மேடோ வந்தால் பலம் குறையும். சமதரையில் ஆன்டெனாவின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால், தூரத்தில் கேட்பவருக்கு டிரான்ஸ்மிட்டரின் சக்தியை நான்கு மடங்காக்கிய பலன் கிடைக்கும். அதாவது, உயரம் ஏற ஏற வாட்டைக் குறைக்கலாம். கதிர்வீச்சுக்குப் பயந்து 'டவரைக் குட்டையாக்குங்கள்' என்று கேட்பவர்கள், தெரியாமலே ஆன்டெனாவைத் தங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இறக்குகிறார்கள்.

30 மீட்டர் உயரத்துக்கு ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறிக்காமல் அலை எட்டும் தூரம், சுமார் 22 கிலோமீட்டர். 100 வாட்டில் அவ்வளவு தூரம் தெளிவாகக் கேட்காது, அது வேறு விஷயம். இந்திய விதியில் ஆன்டெனா தரையிலிருந்து குறைந்தது 15, அதிகம் 30 மீட்டர். ஏற்கெனவே உயரமான கட்டடமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதன் மேல் சிறிய கம்பம் நடுவது நல்ல யோசனைதான். ஆனால் காற்றில் கம்பம் தள்ளுகிற விசையை அந்தக் கூரை தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடலோரம்:
இன்டர்நெட் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

புயல் அன்றைக்கு முதலில் போவது கரண்ட். பேட்டரி தீரத் தீரக் கைபேசி டவர்கள் ஒவ்வொன்றாக அணையும். இருக்கிற ஒன்றிரண்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் அதுவும் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இரண்டு பேட்டரி போட்ட ரேடியோப் பெட்டிக்குத் தகவல் அனுப்ப எந்த நெட்வொர்க்கும் வேண்டாம். ஒருவர் பேசினால் போதும், எத்தனை ஆயிரம் பேர் கேட்டாலும் நெரிசல் கிடையாது. சிறிய நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் இழுக்கிற மின்சாரமும் கொஞ்சம்தான். பெரிய இன்வெர்ட்டர் பேட்டரிகள் சிலவற்றை வைத்து ஒரு இரவு முழுக்க ஓட்டிவிடலாம்.

ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கே இருந்த வெளிநாட்டவர்களுக்காக அவரவர் மொழியில் தகவல் சொல்லச் சின்னச் சின்ன எஃப்.எம். நிலையங்கள் முளைத்தன. 2011 சுனாமிக்குப் பிறகு பாதிக்கப்பட்ட பல ஊர்களில் பேரிடருக்கென்றே தற்காலிக நிலையங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். எந்த முகாமில் தண்ணீர் கிடைக்கும், யார் எங்கே தங்கியிருக்கிறார் என்பதையெல்லாம் அவைதான் சொல்லிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் பாம்பனில் மீனவர்களுக்காக 2016-இல் தொடங்கிய கடல் ஓசை இருக்கிறது. கடலுக்குப் போகிறவருக்கு வானிலையும் காற்றின் வேகமும் அவர் பேசுகிற தமிழிலேயே போய்ச் சேருகிறது. தலைநகரிலிருந்து வரும் செய்தி அறிக்கையில் அந்தக் கரைக்கென்று எத்தனை நொடி ஒதுக்குவார்கள்?

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரத்தோடு அதன் உச்சியில் இருந்த ஒலிபரப்பு ஆன்டெனாக்களும் போயின. அப்போது சில நிலையங்களுக்குக் கைகொடுத்தது எஃப்.எம்.மைக் கண்டுபிடித்த ஆம்ஸ்ட்ராங் 1938-இல் ஆல்பைன் என்ற இடத்தில் எழுப்பிய பழைய டவர். எழுப்பி அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. டவரை இன்றைய தேவைக்கு மட்டும் பார்க்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தெற்குவாசல்:
அறுபது வருடம் நின்றது என்றால் அறுபது வருடமும் யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். என் கேள்வியே அதுதான். சிறிய நிலையத்திடம் அதற்குப் பணமும் ஆளும் இருக்குமா? சாய்ந்தால் விழுவது எங்கள் கூரை மேல்.

ஸ்டேவயர்:
டவர் ஏறுவதுதான் என் தொழில். தெற்குவாசல் அண்ணன் கேட்பது சரியான கேள்வி. கதிர்வீச்சை விட்டுவிட்டு முதலில் கேட்க வேண்டியதே இதைத்தான்.

டவரில் இரண்டு வகை. ஒன்று தன் காலிலேயே நிற்பது. அடி அகலம், மேலே போகப் போகக் குறுகும், இரும்பும் கான்கிரீட்டும் அதிகம் பிடிக்கும். இன்னொன்று மெலிந்த கம்பம், அதை மூன்று பக்கமும் ஸ்டே வயர் என்கிற இரும்புக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்போம். இது மலிவு, சீக்கிரம் எழுப்பலாம். ஆனால் வயர் தரையில் பிடிக்கும் இடம் கம்பத்திலிருந்து உயரத்தில் முக்கால் பங்கு தூரம் வரை தள்ளிப் போகும். 30 மீட்டர் கம்பத்துக்கு மூன்று திசையிலும் 20 மீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். இடம் பத்தவில்லை என்று வயரைக் கிட்டத்தில் இறக்கிக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வயர் செங்குத்தாக ஆக ஆகக் கம்பத்தைப் பக்கவாட்டில் பிடிக்கிற பலம் குறைந்து, கீழ்நோக்கி அமுக்குகிற பாரம் கூடும்.

ஒரு டவர் கெடுவதை மேலே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கீழே பார்க்க வேண்டும். நாங்கள் போனதும் முதலில் உட்காருவது, வயரைத் தரையில் பிடித்திருக்கும் ஆங்கர் பக்கத்தில். ஆங்கர் ராடு மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் கையால் மண்ணைத் தள்ளிப் பார்ப்போம். வெளியே தெரிகிற பாகம் வெள்ளியாக மின்னும். விரல் நீளம் தோண்டினால் அதே ராடு மெலிந்து, துரு ஏடு ஏடாக உரியும். ஈரமும் காற்றும் சேர்கிற இடம் அது. அப்புறம் டர்ன்பக்கிள், வயரை இறுக்கவும் தளர்த்தவும் சுற்றுகிற திருகு. அது தானாகச் சுற்றிக் கழன்றுவிடாமல் நடுவில் ஒரு கம்பியை எட்டு வடிவத்தில் கோத்துக் கட்டியிருக்க வேண்டும். அந்தக் கம்பி இல்லாத டவரை நம்பாதீர்கள். வயரைப் பிடித்திருக்கும் கிளாம்புகளில் நட் இளகியிருக்கிறதா, இழைகளில் ஏதாவது அறுந்து முள் மாதிரி நிற்கிறதா என்று கை உறை போட்டுத் தடவிப் பார்ப்போம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. வருடத்துக்கு ஒரு தடவையும் பெரிய காற்றுக்குப் பிறகும் ஆள் வர வேண்டும், அவ்வளவுதான்.

போலந்தில் வார்சா வானொலியின் கம்பம் 646 மீட்டர், அந்தக் காலத்தில் உலகிலேயே உயரமான கட்டமைப்பு. 1991 ஆகஸ்ட் 8-ஆம் தேதி விழுந்தது, ஸ்டே வயரை மாற்றுகிற வேலையின்போது. நல்லவேளை, உயிர்ப்பலி இல்லை. எங்கள் தொழிலில் அதைச் சொல்லித்தான் புதுப் பையன்களுக்குப் புத்தி சொல்வோம். பழைய வயரை விடுவிப்பதற்கு முன் தற்காலிக வயர் முழுப் பாரத்தையும் ஏற்றிருக்க வேண்டும்.

எந்த வகை டவர் என்றாலும், அதன் முழு உயரத்தை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் வீடோ பள்ளியோ இல்லாத இடம் கிடைத்தால் பாதிச் சண்டை முடிந்தது.

புதுவாசகி:
இடி? டவர் இடியை இழுக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்களே.

ஸ்டேவயர்:
உயரமாக நிற்பதால் டவர் மேல் விழ வாய்ப்பு அதிகம், உண்மை. அதனால்தான் உச்சியில் இடிதாங்கியும் கீழே நல்ல எர்த்தும். எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குக் கீழே வர வேண்டும் என்று பார்ப்போம். மழை விட்டு மண் காய்ந்திருக்கும்போது அளந்தால்தான் நிஜ நிலை தெரியும், ஈர மண்ணில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத் தெரியும். பக்கத்து வீட்டு டிவி போவது பெரும்பாலும் மின்கம்பி வழியாக வருகிற அதிர்ச்சியில். நிலையத்துக்குள் கரண்ட் நுழைகிற இடத்தில் அந்த அதிர்ச்சியைத் தடுக்கிற சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

குருவிக்கூடு:
பறவைகளுக்காக ஒருவர் பேச வேண்டும் என்பதால் வந்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடர்பு டவர்களில் மோதி வருடத்துக்குச் சுமார் 68 லட்சம் பறவைகள் சாகின்றன என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இரவில் வலசை போகும் சிறு பறவைகள்தான் அதிகம். மேகம் தாழ்ந்த இரவில் அணையாமல் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அதையே சுற்றிச் சுற்றி வருகின்றன, கண்ணுக்குத் தெரியாத ஸ்டே வயரில் மோதி விழுகின்றன. தொடர்ந்து எரியும் விளக்குகளை எடுத்துவிட்டு விட்டுவிட்டு மின்னும் விளக்குகளை மட்டும் வைத்தால் சாவு 70 சதவீதம் வரை குறையும் என்று தெரிந்த பிறகு, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015-இல் தன் விளக்கு விதிகளையே மாற்றியது.

சாவு பெருமளவு நடப்பது மிக உயரமான டவர்களில். 30 மீட்டர் உள்ளூர் டவரால் அந்த அளவு கேடு வராது. ஆனாலும் நீர்நிலைக்கும் பறவைகள் கூட்டமாகத் தங்கும் மரங்களுக்கும் நடுவே நடாதீர்கள். விளக்கு வேண்டுமா, எப்படிப்பட்டது என்பதை விமானத் துறைதான் முடிவு செய்யும். மின்னும் வகைக்கு அவர்கள் அனுமதித்தால் அதையே போடுங்கள். கீழே காம்பவுண்டில் இரவெல்லாம் ஃபோகஸ் லைட் எரிய விடுவதை எந்த விதியும் கேட்கவில்லை, அதை அணைத்துவிடலாம்.

காற்றுவழி:
பார்வைக்கு அழகில்லை என்ற குறையை இன்னும் யாரும் எழுதவில்லை. நானே எழுதிவிடுகிறேன். 1887-இல் பாரிஸில் ஈஃபிள் கோபுரம் எழும்பத் தொடங்கியபோது எழுத்தாளர்களும் ஓவியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டார்கள், மாப்பசான் உள்பட. கோபுரத்துக்கு அனுமதியே 20 வருடத்துக்குத்தான். 1909-இல் அதைப் பிரிக்காமல் விட்டதற்குப் பெரிய காரணம், உச்சியில் நடந்துகொண்டிருந்த கம்பியில்லாத் தந்தி வேலை. பயன் தெரிந்தபோது மக்களின் பார்வையும் மாறிவிட்டது.

தெற்குவாசல்:
அந்தக் கதை எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. பயன் தெரிந்த பிறகுதானே மாறியது? உள்ளூர் வானொலி என்று பெயர் வைத்து, காலையிலிருந்து இரவு வரை கம்ப்யூட்டரில் சினிமாப் பாட்டை ஓடவிடுகிற நிலையத்துக்காக நான் ஏன் டவரைச் சுமக்க வேண்டும்? பாட்டுக் கேட்கக் கைபேசி இருக்கிறது. கடலோரம் சொன்னது மாதிரி புயல் அன்றைக்குப் பேசும் என்றால், பேசப்போவது யார்? இரவு இரண்டு மணிக்கு ஸ்டுடியோவைத் திறக்க ஒருவர் உண்டா? இதைச் சொல்லுங்கள், டவரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கடலோரம்:
இதில் தெற்குவாசல் பக்கம்தான் நானும். இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் கல்வி வளாக நிலையம் வரவும், 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளுக்கும் உரிமம் கிடைக்கவும் எவ்வளவு போராட வேண்டியிருந்தது! பொதுச் சொத்தை வாங்கிக்கொண்டு அதில் சினிமாப் பாட்டு மட்டும் ஓட்டினால் அந்தப் போராட்டத்துக்கே மரியாதை இல்லை. நிகழ்ச்சிக் குழுவில் டவர் நிற்கும் தெருவிலிருந்து கட்டாயம் ஆள் இருக்க வேண்டும். அவர்கள் குரல் அந்த டவர் வழியாக வெளியே போனால் டவரும் அவர்களுடையதாகும்.

காற்றுவழி:
ஒப்புக்கொள்கிறேன். பேரிடர்ப் பணிக்கு யார் யார், எந்த முறையில் வருவார்கள் என்ற பட்டியலை டவருக்கான மனுவோடு சேர்த்தே வைக்க வேண்டும். இன்னொன்றையும் சேர்ப்பேன்: நிலையம் ஒருநாள் மூடினால் டவரைப் பிரிக்கும் செலவுக்கு முன்கூட்டியே தனிக் கணக்கில் பணம். ஒலிபரப்பு நின்றுபோய் அநாதையாக நிற்கிற கம்பம்தான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தானது. நல்ல எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் மூடுவதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள்.

ஸ்டேவயர்:
பிரிப்பது எழுப்புவதைவிடக் கஷ்டம், துருப்பிடித்த போல்ட் சுலபத்தில் கழலாது. பணத்தைக் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்குங்கள்.

தெற்குவாசல்:
சரி. அலைநீளம் சொன்ன கணக்கு காகிதத்தில் இருக்கிறது. அதை எங்கள் வீட்டிலேயே அளந்து காட்ட முடியுமா? எங்கள் பக்கத்தில் டவர் நட்டால், எங்கள் மொட்டைமாடி ஏறக்குறைய அதன் ஆன்டெனா மட்டத்துக்கு வரும்.

அலைநீளம்:
கட்டாயம் அளக்கலாம், அளக்கத்தான் வேண்டும். ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன் ஒருமுறை, தொடங்கிய பிறகு அதே இடங்களில் இன்னொரு முறை. முதல் அளவு இல்லாவிட்டால் கைபேசி டவரிலிருந்து வருவது எவ்வளவு, புது நிலையத்திலிருந்து வருவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே புள்ளியில் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. நின்று சில நிமிடச் சராசரி எடுக்க வேண்டும், மாடியில் இரும்புக் கைப்பிடிக்குப் பக்கத்திலும் நடுவிலும் தனித்தனியாக. கருவியைப் பிடிப்பவர் நிலையத்தின் ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது.

மாடி ஆன்டெனா மட்டத்தில் இருக்கிறது என்றால் அது முக்கியமான தகவல். 20 மீட்டர் தள்ளியிருந்தாலும் வரம்புக்குக் கீழேதான் வரும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனாலும் அந்த இடத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அவ்வளவு அருகில் கட்டடம் நின்றால் அது அலையை மறிக்கும், அந்தத் திசையில் இருப்பவர்களுக்கு நிலையம் சரியாகக் கேட்காது. உங்கள் வீட்டுக்காகவும் வேண்டாம், ஒலிபரப்புக்காகவும் வேண்டாம். இடத்தின் வரைபடத்தில் சுற்றியிருக்கும் கட்டடங்களின் உயரத்தைக் குறித்து இங்கே போடுங்கள், வேறு எங்கே நடலாம் என்று பார்ப்போம்.